பொன் வாயிற்படி



முன்னாள் கவர்னர் ஒருவர் வாழ்ந்த பழைய இல்லத்தைப் பற்றி இன்று மாலை பேசவேண்டும் என்று இச்சபையார் எனக்குக் கட்டளையிட்டபோது, என் மனக்கண்ணில் முதலில் எழுந்தவை, உங்களில் பலருக்கும் இப்போது தோன்றுவது போலவே, வெள்ளைத் தூண்களும் விரிந்த புல்வெளிகளும் வாயிலில் ஆயுதம் தாங்கிய காவலரும் உடைய ராஜபவனங்களே. ஆனால் சற்று ஆழ்ந்து நினைத்தபோது, ராஜபவனம் எந்தக் கவர்னருக்கும் சொந்த வீடு ஆகாது என்பதும், பதவி ஏற்ற நாளில் திறக்கும் அதன் கதவு பதவி முடிந்த நாளில் மூடிக்கொள்ளும் என்பதும், அங்கே ஒருவர் தங்குகிறாரேயன்றிக் குடியிருப்பதில்லை என்பதும் எனக்குப் புலனாயின. ஆகையால், கவர்னர் பதவி வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஒரு பெண்மணி விளக்கேற்றி வைத்து, குழந்தைகளைப் பெற்று வளர்த்து, விருந்தினருக்கு உணவு படைத்து, கவிதை எழுதிய ஒரு வீட்டையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஹைதராபாத் நகரில், நாம்பள்ளி ரயில் நிலையத்திலிருந்து ஆபிட்ஸ் கடைவீதியை நோக்கிச் செல்லும் சாலையில், ஓயாத வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே, அந்த வீடு இருக்கிறது. சாலையில் போகிறவர்கள் அதைக் கவனியாமலே கடந்துவிடக் கூடும்; பிரமாண்டம் என்று சொல்லத்தக்கது அங்கே ஒன்றும் இல்லை. அதன் பெயர் 'கோல்டன் திரெஷோல்ட்'. சுதந்திர பாரதத்தின் முதல் பெண் கவர்னராகிய சரோஜினி தேவி நாயுடு அவர்களின் இல்லம் அது. அவருடைய முதல் கவிதைத் தொகுதியின் பெயரே வீட்டுக்கும் பெயராயிற்று. தமிழில் அதனைப் 'பொன் வாயிற்படி' என்று சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பெயர் நமக்கு அந்நியமானதன்று. நம் ஊர்களில் வீடு கட்டுவோர், தலைவாசலுக்கு நிலை நிறுத்தும் நாளில், நல்ல வேளை பார்த்து, நிலைக்கு அடியில் நவதானியமும் நவரத்தினத் துணுக்கும் ஒரு குன்றிமணி அளவேனும் பொன்னும் இட்டு, அதன்மேல்தான் நிலையை ஊன்றுவார்கள்; பொன்னின்மேல் நில்லாத வாயிற்படி நம் நாட்டில் இல்லை என்றே சொல்லிவிடலாம். என் பாட்டியார் வெள்ளிக்கிழமைதோறும் வைகறையில் எழுந்து, எங்கள் வீட்டு நிலைப்படியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு இடுவார். பழைய பலாமரத்தில் இழைத்த படி அது. அதன் நடுப்பகுதி தேய்ந்து குழிந்து, தண்ணீரை ஊற்றினால் உள்ளங்கை அளவு நீர் அங்கே தேங்கி நிற்கும். அந்த நீரிலேயே அவர் மஞ்சளைக் குழைத்துக்கொள்வார். படியை மிதிக்கலாகாது, தாண்டித்தான் வரவேண்டும் என்று குழந்தைகளாகிய எங்களுக்கு அவர் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். ஆயினும் எத்தனையோ பேர் அதை மிதித்தே வந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் குழிவே சாட்சியாக இருந்தது. அந்தக் குழியை மரத்துண்டு வைத்து அடைத்துவிடலாம் என்று ஒரு தச்சர் சொன்னபோது, பாட்டியார் சம்மதிக்கவில்லை. வந்தவர் காலடியை நாம் எதற்காக அழிக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு வீட்டின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவன் அதன் விதானத்தையும் தூணையும் பார்ப்பதற்கு முன் வாயிற்படியைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அன்று முதல் என்னுள் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் ஹைதராபாத்து வீட்டையும் அணுகுகிறேன்.

அந்த வாயிலை முதலில் திறந்து வைத்தவர் சரோஜினியின் தந்தையார் அகோரநாத சட்டோபாத்தியாயர். கிழக்கு வங்காளத்தில் விக்கிரமபுரத்தைச் சேர்ந்தவர். எடின்பரோ சர்வகலாசாலையில் விஞ்ஞானம் பயின்று டாக்டர் பட்டம் பெற்று, 1878ஆம் ஆண்டில் நிஜாமின் ராஜ்யத்துக்கு வந்து, பின்னாளில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்த கல்விச்சாலைக்கு அடிகோலியவர். அவருடைய துணைவியார் வரதசுந்தரி தேவி வங்க மொழியில் பாடல்கள் இயற்றிய பெண்மணி. எட்டுக் குழந்தைகளுள் மூத்தவராக 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி சரோஜினி பிறந்தார். வங்காளத்துப் பிராமணக் குடும்பம், தக்கணத்தில் முஸ்லிம் மன்னரின் தலைநகரில், உருதுவும் தெலுங்கும் பாரசீகமும் கலந்து ஒலித்த வீதிகளின் நடுவே குடியேறியது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு அந்த ஊரில் உறவினர் என்று எவரும் இல்லாமையால், வந்தவரெல்லாம் உறவினர் ஆயினர்.

தந்தையாரைப் பற்றிச் சரோஜினி தேவி ஆங்கில விமரிசகர் ஆர்தர் சைமன்ஸுக்கு எழுதிய கடிதத்தின் பகுதிகளைச் சைமன்ஸ் அந்த முதல் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் சேர்த்திருக்கிறார். அதில் நாம் காணும் அகோரநாதர், நீண்ட வெண்தாடியும், கூரை அதிரும் சிரிப்பும், பிறருக்கு உதவுவதிலும் ரசவாதத்திலும் தம் பொருளையெல்லாம் கரைத்துவிட்ட தாராளமும் உடையவர். நாள்தோறும் அவருடைய தோட்டத்தில் ஒரு சபை கூடும். சகல மதத்துப் பண்டிதர்களும், ராஜாக்களும், யாசகர்களும், சாதுக்களும், சாதுவேஷம் தரித்த எத்தர்களுங்கூட அங்கே ஒன்றாகக் கலந்திருப்பார்கள். எல்லோரும் ஒரே விதமாக உபசரிக்கப்படுவார்கள். இரும்பைப் பொன்னாக்கும் வித்தையை அவர் இரவு பகலாகத் தேடினார் என்று மகள் அன்போடு எழுதுகிறார். எடின்பரோவில் ரசாயனம் கற்ற ஒருவர் ரசவாதத்தில் ஈடுபட்டதைக் கண்டு இன்றைய விஞ்ஞானிகள் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூசையில் பொன் உண்டாகாமற் போயிருக்கலாம். ஆனால் ராஜாவையும் யாசகனையும் ஒரே பாயில் உட்காரவைத்து வேற்றுமை தெரியாதபடி உருக்கிவிடும் ரசவாதம் அந்தத் தோட்டத்தில் நாள்தோறும் நிகழ்ந்து வந்தது.

இத்தகைய மனிதர் சமஸ்தான அதிகாரிகளுக்கு எப்போதும் உகந்தவராக இருக்க முடியாது. சாந்தா ரயில்வேத் திட்டம் என்று ஒன்று, அன்னிய முதலாளிகளுக்கு ஆதாயமும் சமஸ்தானத்துக்குச் சுமையும் தரத்தக்கதாக, 1883ஆம் ஆண்டில் முன்வந்தபோது, அதனை எதிர்த்துப் பொதுமக்களிடையே கிளர்ச்சி எழுப்பினார் என்பதற்காக அகோரநாதர் ஹைதராபாத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். சில காலத்துக்குப் பின் திரும்ப அழைக்கப்பட்டார். அவர் வெளியேற்றப்பட்டபோது சரோஜினிக்கு நான்கு வயது. நியாயத்தைப் பேசினால் வீட்டை இழக்க நேரிடும் என்பதை அந்தக் குழந்தை எழுத்துக் கற்கும் முன்பே கண்டுகொண்டது.

எல்லோருக்கும் திறந்திருந்த அந்த வீட்டில் ஒரே ஒரு முறை ஒரு கதவு அடைபட்டது. ஆங்கிலம் பேச மாட்டேன் என்று பிடிவாதம் செய்த ஒன்பது வயதுச் சரோஜினியைத் தந்தையார் ஒரு நாள் முழுவதும் ஓர் அறையில் தனியே வைத்துப் பூட்டிவிட்டார். தாம் பெற்ற தண்டனை அது ஒன்றே என்றும், அந்த அறையிலிருந்து வெளிவந்தபோது ஆங்கிலம் முழுவதும் கைவந்தவராகவே வந்ததாகவும், அதன்பின் தந்தையோடு வேறு மொழியில் பேசியதே இல்லை என்றும், தாயார் மட்டும் தம்மோடு எப்போதும் ஹிந்துஸ்தானியிலேயே பேசுவார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஒரு குழந்தையை மொழிக்காகப் பூட்டி வைப்பது எனக்கு உடன்பாடான செயல் அன்று. அகோரநாதரிடம் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதை நான் சொல்லாமல் இருக்கலாகாது. தாய் ஹிந்துஸ்தானியில் கேட்க மகள் ஆங்கிலத்தில் விடை சொல்ல, இருவரும் வங்காளிகள் என்பது பின்னால் ஒதுங்கி நிற்க, அந்த வீட்டுச் சமையலறைப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

மகளைக் கணித மேதையாகவோ விஞ்ஞானியாகவோ ஆக்கவேண்டும் என்பது தந்தையின் ஆசை. பதினோராம் வயதில் ஒரு நாள் பீஜகணிதக் கணக்கு ஒன்றோடு சரோஜினி போராடிக்கொண்டிருந்தார். கணக்கு விடை கொடுக்க மறுத்தது. அதற்குப் பதிலாக ஒரு முழுக் கவிதை திடீரென மனத்தில் வந்து நின்றது. அதை எழுதி வைத்தார். அன்றே தம்முடைய கவி வாழ்வு தொடங்கிற்று என்பது அவர் வாக்கு. கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தில், சமன் செய்யப்படாத சமன்பாட்டுக்குக் கீழே, மை உலராத வரிகளாகக் கவிதை கிடக்கும் அந்தக் காட்சியை மாணவ நண்பர்கள் சற்றே மனத்தில் நிறுத்திப் பாருங்கள். கணக்கிலும் அவர் பின்தங்கிவிடவில்லை. பன்னிரண்டாம் வயதில் சென்னைச் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மாகாணத்திலேயே முதன்மையாகத் தேறினார். ஹைதராபாத்துப் பெண் சென்னையில் பரீட்சை எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். அந்நாளில் அங்கே சர்வகலாசாலை இல்லை; நிஜாம் கல்லூரியே 1887 முதல் 1947 வரை சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டுக்கும் நம் சென்னைக்கும் உள்ள உறவு அங்கே தொடங்குகிறது.

அந்த உறவு ஒரு திருமணத்தால் பின்னும் உறுதி பெற்றது. நிஜாம் மஹபூப் அலி கானின் உதவித் தொகையோடு 1895இல் இங்கிலாந்துக்குச் சென்று, லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜில் கர்ட்டன் கல்லூரியிலும் பயின்று, உடல்நலம் குன்றி, 1898இல் திரும்பிய சரோஜினி, அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி சென்னையில் டாக்டர் முத்தியால கோவிந்தராஜுலு நாயுடுவை மணந்துகொண்டார். மணமகள் வங்காளப் பிராமணப் பெண். மணமகன் தெலுங்கு நாட்டு நாயுடு வகுப்பினர். விதவா விவாகத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ஆந்திரப் பெரியார் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு அத்திருமணத்தை நடத்திவைத்தார். 1872ஆம் ஆண்டின் சிறப்பு விவாகச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட மணம் அது. அந்தச் சட்டப்படி மணப்போர், தாம் ஹிந்து மதத்தையோ வேறு பெருமதங்களையோ சார்ந்தவர் அல்லர் என்று கையெழுத்திட வேண்டியிருந்த காலம் அது என்பதை அறிந்தால், அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்பது விளங்கும். சாதிச் சுவருக்கு வெளியே ஒரு பெண் மணம் செய்துகொண்டால் அவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுவது அன்றைய வழக்கம். இன்றும் நம் கிராமங்கள் சிலவற்றில் அது வழக்கமாகவே இருக்கிறது என்பதை நான் வேதனையோடு சொல்கிறேன். அகோரநாதர் வீட்டு வாசல் அடைபடவில்லை.

இங்கிலாந்தில் சரோஜினிக்குக் கிடைத்த பெரும்பேறு எட்மண்ட் காஸ் என்னும் விமரிசகரின் உபதேசம். சரோஜினி அவரிடம் காட்டிய கவிதைகளில் ஆங்கில நாட்டுப் பறவைகளும் ஆங்கில நாட்டு மாதா கோயில் மணிகளும் நிறைந்திருந்தன. அவற்றையெல்லாம் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, உம்முடைய சொந்த நாட்டு மலையையும் தோட்டத்தையும் கோயிலையும் பாடும் என்ற கருத்துப்பட அந்தப் பெரியவர் சொன்னார். அந்தச் சொல் அவரை ஹைதராபாத்துக்குத் திருப்பியது. பல்லக்குத் தூக்கிகளையும் வளையல்காரரையும் பாம்பாட்டியையும் கடைவீதியையும் பாட அவர் கற்றுக்கொண்டது அதன் பின்புதான். 1905ஆம் ஆண்டில் லண்டன் ஹைனிமன் கம்பெனியார் வெளியிட்ட 'கோல்டன் திரெஷோல்ட்' நூலைக் கையில் எடுப்பவர்கள், ஓவியர் ஜான் பட்லர் யேட்ஸ் தீட்டிய, பெரிய கண்களும் அடர்ந்த கூந்தலுமுடைய இளம் சரோஜினியின் சித்திரத்தை முகப்பில் காணலாம். அதனை அடுத்துச் சமர்ப்பணப் பக்கம். பொன் வாயிற்படிக்குத் தமக்கு முதன்முதல் வழிகாட்டியவர் என்று காஸுக்கு அந்நூல் உரிமையாக்கப்பட்டிருக்கிறது; கீழே இரண்டு ஊர்களும் இரண்டு ஆண்டுகளும்: லண்டன், 1896; ஹைதராபாத், 1905. அந்த ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரு பெண் கல்வி பயின்று, கடல் கடந்து, சாதி கடந்து மணந்து, நான்கு குழந்தைகளுக்குத் தாயாகியிருந்தாள்.

அந்த நான்கு குழந்தைகளும் நூலுக்குள்ளேயே இருக்கிறார்கள். தம் மக்களைப் பற்றிப் பாடிய பாட்டில், ஒவ்வொரு குழந்தையின் பெயரோடும் அதன் வயதைக் கவிஞர் குறித்திருக்கிறார்: ஜெயசூரியனுக்கு 4, பத்மஜைக்கு 3, ரணதீரனுக்கு 2, லீலாமணிக்கு 1. இந்த நான்கு எண்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. படிக்கட்டுப் போல இறங்கி வரும் நான்கு குழந்தைகள் ஓடியாடும் கூடத்தின் ஒரு மூலையில், ஒன்றின் அழுகைக்கும் மற்றொன்றின் தூக்கத்துக்கும் இடையே கிடைத்த நிமிஷங்களில், நோயுற்ற உடம்போடு ஒரு தாய் செய்யுளைச் செதுக்கிக்கொண்டிருந்தாள் என்பதை அந்த எண்களைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை. அந்த மூன்று வயதுப் பத்மஜையே பின்னாளில் வங்காளத்தின் கவர்னர் ஆகப்போகிறவர் என்பதை அப்போது யார் அறிவார்!

வீட்டைப் பற்றிப் பேசும்போது அதனைத் தாங்கிய மனிதரைச் சொல்லாமல் விடுவது தர்மம் ஆகாது. டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடு நிஜாமின் சேவையில் இருந்த மருத்துவர்; தாமும் எடின்பரோவில் பயின்றவர். மனைவி கான்பூரில் காங்கிரஸ் தலைமை வகித்தபோதும், வெளிநாடுகளில் பாரதத்துக்காக வாதாடியபோதும், ஆண்டுக் கணக்கில் சிறையிலிருந்தபோதும், ஹைதராபாத்தில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர் அவர். மனைவி வீட்டைக் காக்க, கணவன் நாட்டுக்குழைத்த வரலாறுகள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. அவற்றை நாம் வியப்பின்றிப் படித்துவிடுகிறோம். இங்கே முறை மாறியிருந்தது. அதற்காக அந்த மருத்துவர் தம்மைத் தியாகி என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்குச் சிலையும் இல்லை.

அந்த நகரத்துக்கு ஒரு பெருந்துயரம் வந்தது. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி மூசி நதி கரைபுரண்டு, ஒரே நாளில் ஆயிரக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. அப்ஸல் கஞ்சில், இன்று உஸ்மானியா ஆஸ்பத்திரி இருக்கும் வளாகத்தில், ஒரு பழைய புளியமரம் நிற்கிறது. வெள்ளத்தின்போது அதன் கிளைகளில் தொற்றிக்கொண்டு ஏறக்குறைய 150 பேர் உயிர் பிழைத்தார்கள் என்பது அவ்வூரார் இன்றளவும் சொல்லிவரும் செய்தி. வெள்ளத்தில் வீடிழந்த மக்களுக்காகச் சரோஜினி தேவி ஆற்றிய தொண்டுக்கு அரசாங்கம் கெய்ஸர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. பஞ்சாப் படுகொலைக்குப் பின் அப்பதக்கத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கவிதை எழுதும் கரங்கள் பொதுப்பணிக்குப் பழகியது அந்த வெள்ளத்திலேதான் என்று நான் கருதுகிறேன். அதற்குப் பின் வெளிவந்த கவிதை நூல்கள் இரண்டே. 1917க்குப் பிறகு அவர் வாழ்நாளில் புதிய தொகுதி ஒன்றும் வரவில்லை. நாடு அவரை முழுவதும் எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்த அரசியல் வாழ்வை நீங்கள் அறிவீர்கள், விரித்துரைக்கத் தேவையில்லை. 1925இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த முதல் இந்தியப் பெண்மணி அவர். 1930 மே மாதத்தில் தராசனா உப்பளத்தில் தொண்டர்களை நடத்திச் சென்றவர். 1942இல் புனா ஆகாகான் மாளிகையில் காந்தியடிகளோடு சிறையிருந்தவர். அக்குடும்பத்தின் வேறு சிலருடைய வழிகள் இன்னும் தொலைவுக்குச் சென்றன. தம்பி வீரேந்திரநாதர் இளமையில் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்று, புரட்சிக்காரராகி, பாரத மண்ணை மறுபடி மிதிக்காமலே, 1937இல் ஸோவியத் ரஷ்யாவில் ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்பில் கொல்லப்பட்டார். படியிறங்கிச் சென்ற அந்த மகனின் காலடி மட்டும் திரும்பி வரவே இல்லை. கடைசித் தம்பியருள் ஒருவரான ஹரீந்திரநாதரோ கவியாகவும் நடிகராகவும் நாடெங்கும் சுற்றி, 1952இல் பார்லிமெண்டுக்கும் போனார்.

இப்போது 1947ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆகஸ்டு 15ஆம் தேதி சரோஜினி தேவி ஐக்கிய மாகாணத்தின் கவர்னராகப் பதவி ஏற்றார். அப்பதவிக்கு முதலில் நியமிக்கப்பட்டவர் டாக்டர் பிதான் சந்திர ராய். அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தமையால் தற்காலிகமாக ஏற்கப்பட்ட பொறுப்பு, பின்னர் நிரந்தரமாயிற்று.   இந்த இடத்தில் சரித்திரம் நமக்கு ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. லக்னோவில் சுதந்திர பாரதத்தின் பிரதிநிதியாகச் சரோஜினி தேவி வீற்றிருந்தபோது, ஹைதராபாத் பாரதத்தோடு இணையவில்லை. நிஜாம் தனித்து நிற்க முயன்றுகொண்டிருந்தார். 1948 செப்டம்பர் 17ஆம் தேதி நிஜாம் பணிந்து போர் நிறுத்தம் அறிவிக்கும் வரையில், பதின்மூன்று மாத காலம், ஒரு ராஜ்யத்தின் கவர்னருடைய சொந்த வீடு பாரத நாட்டு எல்லைக்கு வெளியே இருந்தது. தேசம் முழுவதற்கும் விடுதலை தேடிய அவர், தாம் பிறந்து வளர்ந்த ஊருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்ற எண்ணத்தோடு எத்தனை இரவுகளைக் கழித்திருப்பார்! தந்தையை நாடு கடத்திய சமஸ்தானம். தமக்குக் கல்விப் பொருள் தந்த சமஸ்தானம். கணவருக்குப் பதவி தந்த சமஸ்தானம். அதன் முடிவை அவர் லக்னோவிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

லக்னோ ராஜபவனத்துக்குப் பழைய பெயர் கோட்டி ஹயாத் பக்ஷ். கிளாட் மார்ட்டின் என்னும் பிரெஞ்சுக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. 'உயிர் தரும் மாளிகை' என்பது அப்பெயரின் பொருள். அம்மாளிகையில் 1949 மார்ச் 2ஆம் தேதி, பதவியில் இருக்கும்போதே, சரோஜினி தேவி காலமானார். கோமதி நதிக்கரையில் ஈமக்கிரியை நடந்தது. தம்முடைய சொந்த வாயிற்படியை மீண்டும் தாண்டி, அங்கே நிலையாக அமர்ந்திருக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

மகள் பத்மஜா தேவி 1956 முதல் 1967 வரை மேற்கு வங்காளத்தின் கவர்னராக விளங்கினார். வெல்லெஸ்லி பிரபு கட்டிய கல்கத்தா மாளிகையில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். தாயாரின் அச்சேறாத கவிதைகளைத் திரட்டி 1961இல் நூலாக்கினார். ஒரே இல்லத்திலிருந்து தாயும் மகளும் இரண்டு பெரும் ராஜ்யங்களின் கவர்னர்களாகச் சென்றதைப் போன்ற வேறு சம்பவம் நான் அறிந்தவரையில் இல்லை. ஆனால் பத்மஜா தேவியின் செயல்களுள் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது, அந்தப் பொன் வாயிற்படியை அவர் நாட்டுக்கு ஈந்ததே. ஆபிட்ஸ் வட்டாரத்தில் நிலத்தின் விலை என்ன என்பதை அறிந்தவர்கள் அந்தக் கொடையின் அளவை அறிவார்கள்.

கொடுத்த வீடு என்ன ஆயிற்று என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் எழுந்த கிளர்ச்சிகளுக்குப் பரிகாரமாக 1973இல் வகுக்கப்பட்ட ஆறு அம்சத் திட்டத்தின்படி, ஹைதராபாத்தில் ஒரு மத்திய சர்வகலாசாலை அமைப்பதென முடிவாயிற்று. பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. 1974 அக்டோபர் 2ஆம் தேதி சர்வகலாசாலை உதயமாயிற்று. கச்சிபௌலியில் இன்று பரந்து கிடக்கும் அந்த மாபெரும் கலைக்கூடத்துக்கு அன்று சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லை. அது தன் முதல் நாட்களைக் கழித்தது நாம்பள்ளிச் சாலையிலுள்ள இந்த வீட்டில்தான். ஹைதராபாத்துக்கு உயர்கல்வி கொண்டுவந்த அகோரநாதருடைய குடும்பத்தின் கூடத்தில், அவர் வந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தபின், ஒரு சர்வகலாசாலை நடை பழகியது. பின்னர் அது பெரிய வளாகத்துக்குப் போய்விட்டபோதும் வீடு பூட்டப்படவில்லை. நாடகமும் நடனமும் ஓவியமும் பயில்வோர் பல ஆண்டுகள் அங்கே இருந்தார்கள். 2012 முதல் சர்வகலாசாலையின் நாடக விரிவுப் பணியகம் அங்கே நடைபெறலாயிற்று.

பெரியோர் வாழ்ந்த இல்லங்களை நாம் காக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உத்தரவு வேண்டுகிறேன். கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, மூக்குக் கண்ணாடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவது ஒரு முறை. அதுவும் வேண்டுவதே, அதனைச் செய்வோரை நான் வணங்குகிறேன், ஏனெனில் அதுகூடச் செய்யப்படாமல் எத்தனையோ வீடுகள் நம் கண் முன்னே இடிந்து கடைகளாகிவிட்டன. ஆயினும் வாழ்ந்தவர் எந்தக் காரியத்துக்காக அந்த வீட்டைத் திறந்து வைத்தாரோ, அந்தக் காரியம் அங்கே தொடர்ந்து நடக்குமானால், அதைக் காட்டிலும் சிறந்த காப்பு வேறு இல்லை என்பது என் துணிபு. சுண்ணாம்பு உதிர்ந்தால் பூசிக்கொள்ளலாம்; ஓடு உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் வருவோர் நின்றுவிட்டால், அந்த வீட்டை எந்தக் கொத்தனார் வந்து செப்பனிடுவார்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பிற்பகலில், நான் அங்கே போயிருந்தேன். சாலையின் இரைச்சல் மதிலுக்கு உள்ளேயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உள்ளே நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது போலும். தெலுங்கில் ஒரே வாக்கியத்தை ஓர் இளம் பெண் மீண்டும் மீண்டும், ஒரு முறை கோபமாகவும், ஒரு முறை கெஞ்சுதலாகவும், ஒரு முறை சிரித்தபடியும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை வரவேற்கவோ தடுக்கவோ வாசலில் ஒருவரும் இல்லை. நான் வழக்கம்போல் குனிந்து படியைப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை, இருபது முப்பது ஜோடிச் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதை மூடிக் கிடந்தன. வார் அறுந்து ஊக்குப் போட்ட ரப்பர்ச் செருப்பும், புதுத்தோல் மணக்கும் கோலாப்பூர்ச் செருப்பும், சேறு காயாத கான்வாஸ் ஜோடும் ஒரே குவியலாக. நானும் என் செருப்பைக் கழற்றி அந்தக் குவியலின் ஓரத்தில் விட்டு, உள்ளே போனேன்.